கண்ணுல லென்ஸ் மாட்டுறீங்களா? உஷார்!... தூக்கமும் கிணத்து தண்ணியும்தான் முதல் எதிரி

உத்திரமேரூர்,-

"கண்ணாடி போட்டா முகம் எடுப்பா இருக்காது", "பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க", "ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி நிக்கவே மாட்டேங்குது"... இப்படி ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி கண்ணாடியை கழற்றி வைத்து விட்டு காண்டாக்ட் லென்சுக்கு மாறுகிறவர்கள் இப்போது டவுனில் மட்டும் இல்லை. கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பகுதிகளில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ்சில் ஷிப்டு வேலைக்கு போகும் வாலிபர்கள், இளம்பெண்கள் ஏராளம். காலேஜ் மாணவிகள், கல்யாணப் பெண்கள் என்று லென்ஸ் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் பட்டியல் நீளம்.

லென்ஸ் கெட்ட பொருள் அல்ல. சரியாக பயன்படுத்தினால் வருடக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் போடலாம். ஆனால் சின்ன அலட்சியம் கூட கண் பார்வைக்கே வேட்டு வைத்து விடும் என்பதுதான் சிக்கல். அதுவும் வயல், கிணறு, கிரஷர் தூசி என்று இருக்கும் ஊரில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

நடிகைக்கு நேர்ந்த கதி

சிம்பு நடித்த "வானம்" படத்தில் (2011) நடித்தவர் ஜாஸ்மின் பாசின். இந்தி டி.வி. தொடர்களில் பிரபலமான நடிகை. 2024-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்கு போனார். கிளம்பும்போது லென்ஸ் மாட்டினார். மாட்டிய சிறிது நேரத்திலேயே கண் எரிய ஆரம்பித்தது. வலியும் கூடிக்கொண்டே போனது.

உடனே டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்ட வேலை ஆச்சே என்று கறுப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிகழ்ச்சியில் கலந்து கொண்டார். ஒரு கட்டத்தில் எதுவுமே தெரியவில்லை. கூட இருந்தவர்கள்தான் கை கொடுத்து அழைத்துச் சென்றார்கள். இரவு கண் டாக்டரிடம் ஓடினார். கருவிழி பாதிக்கப்பட்டு இருப்பதாக கூறி இரண்டு கண்ணுக்கும் கட்டு போட்டு விட்டார்கள். பிறகு அவரே இதை பேட்டியில் வெளிப்படையாக சொன்னார்.

அவருக்கு குணமாகி விட்டது. ஆனால் "வேலை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் தள்ளிப்போட்டார் அல்லவா? எல்லோரும் செய்யும் தப்பு அதுதான்.

கண்ணுக்கும் மூச்சு வேணும்

லென்ஸ் போட்டால் ஏன் இவ்வளவு பிரச்சினை? முதலில் கருவிழியைப் பற்றி தெரிந்து கொள்ள வேண்டும்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் பகுதிதான் கருவிழி. இதன் கனம் சுமார் அரை மில்லி மீட்டர்தான். உடம்பில் மற்ற இடங்களுக்கு ரத்தம் மூலம் ஆக்சிஜன் போகிறது. கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் பார்வை தெளிவாக இருக்காது. அதனால் அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனை காற்றில் இருந்தும், கண்ணீரில் இருந்தும்தான் எடுத்துக் கொள்கிறது.

அதன் மேல் லென்சை ஒட்ட வைப்பது, மூக்கின் மேல் மெல்லிய துணியை போட்டு மூடுவது மாதிரி. மூச்சு விடலாம். ஆனால் முழுசாக கிடைக்காது. இப்போது வரும் லென்சுகளில் ஆக்சிஜன் அதிகம் புகுந்து போகும்படி செய்திருக்கிறார்கள். ஆனாலும் கண் மூடி தூங்கும்போது காற்று சுத்தமாக தடைபடுகிறது. கண் சிமிட்டுவதும் நின்று விடுகிறது. கருவிழி மூச்சு முட்டுகிறது. அதன் மேல்தோல் லேசாக உரிகிறது. அந்த சின்ன விரிசல் வழியாக கிருமி உள்ளே நுழைந்து விடுகிறது.

கம்பெனி பஸ் தூக்கம்... கண்ணுக்கு ஆபத்து!

நைட் ஷிப்டு முடிந்து பஸ்சில் ஏறினால் சீட்டில் சாய்ந்ததுமே தூக்கம் சொக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே பாயில் விழுவார்கள். லென்சை கழற்ற மறந்து விடும்.

"ஒருநாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்று நினைத்தால் தப்பு. நெதர்லாந்து நாட்டில் நடந்து 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், பகலில் மட்டும் சாப்ட் லென்ஸ் போட்டவர்களில் 10 ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 3 அல்லது 4 பேருக்குத்தான் கருவிழியில் கிருமி தொற்று வந்தது. ராத்திரியும் போட்டு தூங்கியவர்களில் 10 ஆயிரம் பேருக்கு 20 பேருக்கு வந்தது. லென்சோடு தூங்கினால் தொற்று வரும் ஆபத்து 6 முதல் 8 மடங்கு வரை கூடுகிறது என்று அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையமும் எச்சரிக்கிறது.

குட்டித் தூக்கமும் இதில் சேர்த்திதான். பஸ்சில் தூங்குகிறவர்கள் வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டு கழுவி லென்சை கழற்றி டப்பாவில் போட்டு விட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் நல்லது.

தண்ணீரும் லென்சும் எலியும் பூனையும்!

கிராமத்தில் லென்ஸ் போடுகிறவர்கள் முக்கியமாக கவனிக்க வேண்டியது தண்ணீர். குழாய் தண்ணீர், போர் தண்ணீர், கிணற்று தண்ணீர், ஏரி தண்ணீர், ஏன் கேன் தண்ணீர் கூட லென்சில் படக்கூடாது.

பார்க்க பளிங்கு போல இருக்கும் தண்ணீரிலும் "அகந்தமீபா" என்ற கண்ணுக்கு தெரியாத ஒரு உயிரி இருக்கும். மண்ணிலும் இருக்கும். குடித்தால் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. ஆனால் லென்சில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் போய் விட்டால் அவ்வளவுதான். தன்னைச் சுற்றி கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உள்ளேயே பதுங்கி விடும். வலி உயிர் போகும். சொட்டு மருந்து மாதக்கணக்கில் விட வேண்டி வரும். சிலருக்கு பார்வையே போய் விடுகிறது.

அதனால் லென்ஸ் மாட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பது, ஏரியில் நீந்துவது, தலைக்கு குளிப்பது எல்லாம் கூடாது. குளித்து முடித்து தலை துவட்டிய பிறகுதான் லென்ஸ். லென்ஸ் கீழே விழுந்து விட்டால் குழாயில் காட்டி கழுவி மாட்டுகிறார்கள். சிலர் எச்சில் தொட்டு மாட்டுகிறார்கள். இரண்டுமே விபரீதம். வாயில் இருக்கும் கிருமிகள் கணக்கில் அடங்காது.

நெல் தூசி, கிரஷர் புழுதி

உத்திரமேரூர் வட்டாரம் நெல் விளையும் பூமி. அறுவடை காலத்தில் மிஷின் ஓடும்போதும், களத்தில் நெல் தூற்றும்போதும் சுனை பறக்கும். இன்னொரு பக்கம் கல் குவாரி, கிரஷர். ஜல்லி லாரி பின்னால் டூவீலரில் போனால் கண்ணை திறக்க முடியாது.

சாதாரண கண்ணில் தூசி விழுந்தால் கண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போய் விடும். லென்ஸ் போட்ட கண்ணில் அந்த தூசி லென்சுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக் கொள்ளும். கண் சிமிட்ட சிமிட்ட உப்புத்தாள் போட்டு தேய்த்த மாதிரி உராயும். அப்போது கண்ணை கசக்கினால் கருவிழியில் கீறல் நிச்சயம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாய வேலை செய்கிறவர்களுக்கு லென்ஸ் போடாமலே கருவிழிப் புண் வருவது அதிகம். மதுரை மாவட்டத்தில் 1993-ம் ஆண்டு கணக்கெடுத்தபோது லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் கருவிழிப் புண் வந்திருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட அளவைப் போல இது சுமார் 10 மடங்கு. நெல் சுனை, இலை, குச்சி, மண் பட்டு ஏற்படும் சின்ன காயத்தில் பூஞ்சை புகுந்து விடுவதே முக்கிய காரணம். அதில் முதல் இடத்தில் இருக்கும் பூஞ்சைக்கு பெயர் "பியூசேரியம்". பயிரிலும் மண்ணிலும் வாழ்வது.

ஏற்கனவே இந்த பூஞ்சை சுற்றிலும் இருக்கும் ஊரில், கருவிழியை லேசாக உரிய விடும் லென்சையும் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினால் என்ன ஆகும்? வயல், களம், செங்கல் சூளை, கிரஷர் வேலைக்கு போகும்போது லென்சை தொடவே வேண்டாம். கண்ணாடிதான் சரி. அது தூசியையும் கொஞ்சம் தடுக்கும். பூச்சி மருந்து அடிக்கும்போதும் இதே விதிதான்.

சிங்கப்பூரை உலுக்கிய பூஞ்சை

அதே பியூசேரியம் 2006-ல் உலகத்தையே ஒரு கலக்கு கலக்கியது. சிங்கப்பூர், ஆங்காங், அமெரிக்கா என்று லென்ஸ் போட்டவர்களுக்கு வரிசையாக கருவிழிப் புண் வந்தது. சிங்கப்பூரில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் 164 பேருக்கு உறுதி செய்யப்பட்டது. அவர்களில் சுமார் 3-ல் ஒருவருக்கு கருவிழி மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டது.

துருவிப் பார்த்தபோது பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனியின் "ரெனு மாய்ஸ்சர்லாக்" என்ற லென்ஸ் கழுவும் சொல்யூஷனை பயன்படுத்தியவர்களே அதிகம் என்று தெரிந்தது. 2006 மே மாதம் உலகம் முழுவதும் அந்த சொல்யூஷனை கம்பெனி திரும்பப் பெற்றது.

அப்போது இன்னொன்றும் வெளியே வந்தது. டப்பாவில் இருக்கும் பழைய சொல்யூஷனை கொட்டாமல், அதன் மேலேயே புதுசை கொஞ்சம் ஊற்றி சிக்கனம் பிடிக்கும் பழக்கம் ஆபத்தை கூட்டியது. நேற்று வைத்த பழைய குழம்பில் புதுக் குழம்பை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து கெடுவது போலத்தான் இதுவும். சொல்யூஷன் தினமும் புதுசாக இருக்க வேண்டும். வெறும் சலைன் தண்ணீர் கிருமியை கொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே கண்ணில் 27 லென்ஸ்!

இங்கிலாந்தில் நடந்தது இது. 67 வயது பெண் ஒருவர் கண்புரை ஆபரேஷனுக்காக சோலிஹல் நகர ஆஸ்பத்திரிக்கு வந்தார். மயக்க ஊசி போடும்போது கண்ணில் நீல நிறத்தில் ஏதோ கட்டி மாதிரி தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிய 17 லென்சுகள்! மேலும் தேடியதில் இன்னும் 10 கிடைத்தது. ஆக மொத்தம் 27. கண்ணில் உறுத்தல் இருந்ததை வயதானதால் வந்த கண் வறட்சி என்று அவர் நினைத்து இருந்தார். 35 வருடமாக லென்ஸ் போடுகிறவர் அவர். 2017-ல் மருத்துவ பத்திரிகையில் வெளியாகி உலகமே வாய் பிளந்தது. 2022-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேறு ஒரு பெண்ணின் கண்ணில் இருந்து 23 லென்சுகள் எடுக்கப்பட்டன.

கழற்றியதாக நினைத்து கழற்றாமல் விட்டு, அதன் மேலேயே புதுசு மாட்டியதன் விளைவு. எனவே ராத்திரி டப்பாவை மூடும் முன் வலது, இடது இரண்டிலும் லென்ஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது.

"கண்ணுக்கு பின்னால போயிடுச்சு!"

லென்ஸ் நழுவி காணாமல் போனால் பலரும் பதறிப் போகிறார்கள். மூளைக்கு போய் விடும் என்று கூட பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். வெள்ளை விழியை மூடி இருக்கும் சவ்வு அப்படியே மடிந்து இமைக்குள் சேருகிறது. அது பை மாதிரி மூடி இருப்பதால் லென்ஸ் கண்ணுக்கு பின்னால் போக வழியே இல்லை. மேல் இமைக்குள் ஒளிந்து கொள்ளும், அவ்வளவுதான். லென்சுக்கு என்று இருக்கும் சொட்டு மருந்தை விட்டு, கண்ணை மூடி இமையை மெதுவாக தடவினால் இறங்கி வரும். வரவில்லை என்றால் நகத்தால் நோண்டாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

வெல்டிங் நெருப்பில் லென்ஸ் உருகி கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும் வெறும் கட்டுக்கதை. அதற்காக லென்ஸ் கண்ணுக்கு பாதுகாப்பு என்று நினைத்து விடக்கூடாது. வெல்டிங், கிரைண்டிங் வேலைக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம்.

மிளகாய் கையும் மை டப்பாவும்

பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு லென்சை தொட்டவர்களை கேட்டால் தெரியும் அந்த கொடுமை. சோப்பு போட்டு கழுவினாலும் மிளகாய் காரம் விரலில் இருந்து சட்டென்று போகாது. லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கண்ணில் எரிய வைக்கும். அதனால் காலையில் லென்ஸ் மாட்டி விட்டு பிறகு சமையலில் இறங்குவதும், ராத்திரி சமையலுக்கு முன்பே கழற்றி விடுவதும் புத்திசாலித்தனம்.

கண் மை, பவுடர், ஹேர் ஸ்பிரே விஷயத்திலும் வரிசை முக்கியம். முதலில் லென்ஸ், அப்புறம் மேக்கப். கழற்றும்போதும் முதலில் லென்ஸ், பிறகுதான் மேக்கப் கலைக்க வேண்டும்.

கல்யாணத்தில் கலர் லென்ஸ் மாட்டுவது இப்போது பேஷன். பவர் இல்லாத லென்ஸ்தானே என்று டாக்டரை பார்க்காமலே வாங்குகிறார்கள். ஒருவருக்கு மாட்டியதை இன்னொருவருக்கும் மாட்டுகிறார்கள். கருவிழியின் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். அளவு பொருந்தாத லென்ஸ் கண்ணை இறுக்கும், அல்லது ஆடி உராயும். ஒருவர் கண்ணில் இருக்கும் கிருமி அடுத்தவருக்கு இலவசமாக போய்ச் சேரும். இதனால்தான் அமெரிக்காவில் கலர் லென்சையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2005-ல் சட்டமே போட்டார்கள். விடியற்காலை முகூர்த்தத்துக்கு நள்ளிரவே லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஓமப் புகையில் உட்கார்ந்து, வரவேற்பு முடியும் வரை கழற்றாமல் இருந்தால் மணப்பெண் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வராது, எரிச்சல் கண்ணீர்தான் வரும்.

மாட்டுவது எப்படி?

* முதலில் கையை சோப்பு போட்டு கழுவி, நூல் உதிராத சுத்தமான துணியில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும்.

* எப்போதும் வலது கண்ணில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். அப்போது லென்ஸ் மாறிப் போகாது.

* விரல் நுனியில் வைத்து பார்த்தால் லென்ஸ் சின்ன கிண்ணம் போல இருக்க வேண்டும். ஓரம் தட்டு போல வெளியே விரிந்து இருந்தால் அது தலைகீழ். மாட்டினால் உறுத்தும்.

* கிழிசல், ஓரத்தில் வெட்டு இருந்தால் தூக்கி எறிந்து விட வேண்டும்.

* ஒரு நாள் லென்ஸ் என்றால் ஒரே நாள். மாத லென்ஸ் என்றால் பிரித்த நாளில் இருந்து ஒரு மாதம். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று இழுக்கக்கூடாது.

* டப்பாவை சொல்யூஷனால் கழுவி, துடைத்து, கவிழ்த்து காய வைக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே மாற்ற வேண்டும்.

* ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த சொல்யூஷனை நேராக கண்ணில் விட்டால் நெருப்பாய் எரியும். அதற்கென்று தரும் டப்பாவில் அட்டையில் சொன்ன நேரம் முழுவதும் ஊற வேண்டும்.

* கழற்றும்போது கண் வறண்டு லென்ஸ் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக் கூடாது. சொட்டு மருந்து விட்டு சில நிமிடம் பொறுத்தால் தானாக நகரும்.

"மெட்ராஸ் ஐ"னு நினைச்சுடாதீங்க!

லென்ஸ் போடுகிறவர்களுக்கு கண் சிவந்தால் அதை "மெட்ராஸ் ஐ" என்று நினைத்து சும்மா விடுவது பெரிய ஆபத்து. மெட்ராஸ் ஐ வந்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சிவக்கும், பீளை தள்ளும், சில நாளில் சரியாகி விடும். கருவிழிப் புண் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். வலி அதிகமாக இருக்கும். வெளிச்சத்தை பார்க்க முடியாது. பார்வை மங்கும். கறுப்பு விழியில் வெள்ளைப் புள்ளி தெரியலாம். இதில் எது இருந்தாலும் உடனே லென்சை கழற்றி விட வேண்டும். வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். கழற்றிய லென்சையும் டப்பாவையும் எறியாமல் கையோடு கொண்டு போனால், எந்த கிருமி என்று பரிசோதனை செய்ய உதவும்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டை பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவப்புக்கு ஒரு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்த மாதிரி காட்டி விட்டு, உள்ளே பூஞ்சையை கொழுக்க வைத்து விடும்.

பூச்சி மருந்து, சுண்ணாம்பு, ஆசிட் தெறித்து விட்டால் மட்டும் விதி மாறும். அப்போது லென்சை பற்றி யோசிக்காமல் உடனே சுத்தமான தண்ணீரால் கண்ணை 15 முதல் 20 நிமிடம் வரை கழுவ வேண்டும். கழுவும்போதே லென்ஸ் வந்து விட்டால் நல்லது. பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கே போவது?

உத்திரமேரூரில் இருந்து காஞ்சீபுரமும், செங்கல்பட்டும் சுமார் 30 கிலோ மீட்டர். காஞ்சீபுரம் அரசு தலைமை ஆஸ்பத்திரியிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவு உள்ளது. நிலைமை முற்றினால் சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1819-ல் தொடங்கி 200 ஆண்டு கடந்த ஆஸ்பத்திரி அது. "நாளைக்கு ஷிப்டு இருக்கு, சம்பளம் போயிடும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், ஒரு நாள் சம்பளத்தோடு போக வேண்டியது ஆயுசு முழுக்க கஷ்டமாகி விடும். புண் ஆறினாலும் தழும்பு விழுந்தால் பார்வை மங்கும். அப்புறம் யாராவது கண் தானம் செய்தால்தான் கருவிழி மாற்ற முடியும்.

லென்ஸ் போடுகிறவர்கள் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 3 கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கண் சிவக்காமல் இருக்கிறதா? வலி, உறுத்தல் இல்லையா? ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றி பார்த்தால் இரண்டும் தெளிவாக தெரிகிறதா? மூன்றுக்கும் "ஆமா" என்றால் லென்சை மாட்டலாம். ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அன்றைக்கு லென்ஸ் வேண்டாம். அந்த நாளுக்காகவே ஒரு பழைய கண்ணாடி எப்போதும் பையில் இருக்கட்டும்.